மலை மண்ணாகி வயலுக்கு வரும் வழி

திருவண்ணாமலை வட்டாரத்தில் மழை பெய்து ஓய்ந்ததும் வண்டிப்பாதையை உற்று நோக்கினால் ஓர் உண்மை தெரியும். மேட்டிலிருந்து செந்நிறத் தண்ணீர் ஓடிவருகிறது. பள்ளத்தில் அது தேங்கி நிற்கிறது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வற்றியபின் அங்கே மெழுகியது போல் மென்மையான மண் படிந்திருக்கிறது. அதற்குச் சற்று மேலே மணல். அதற்கும் மேலே சிறு கற்கள். மலைகளும் ஆறுகளும் சமவெளிகளும் உருவான கதை முழுவதும் இந்தச் சிறு பாதையில் அடங்கிவிடுகிறது. பாறை சிதைகிறது, சிதைந்ததை நீர் அரித்துச் செல்கிறது, நீரின் வேகம் குறையுமிடத்தில் அது படிகிறது. சிதைவு, அரிப்பு, படிவு என்னும் இம்மூன்று வேலைகளும் நிலத்தின் உருவத்தை ஓயாமல் மாற்றி வருகின்றன.

உழவர் நடத்தும் நிலம் இந்த மூன்றில் முதல் வேலையின் விளைவு. அந்த நிலத்தைக் கெடுப்பது இரண்டாவது வேலை. மூன்றாவது வேலையைச் சரியாகப் பயன்படுத்திக்கொண்டால் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம். ஆதலால் இதனைப் பள்ளிக்கூடப் பாடம் என்று ஒதுக்கிவிடாமல், பயிர் செய்வோர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது.

மலை ஏன் தனியாக நிற்கிறது?

திருவண்ணாமலையின் உயரம் 2668 அடி. சுற்றிலும் பெரும்பாலும் சமவெளியாக இருக்க, அதன் நடுவே மலை தனித்து எழுந்து நிற்கிறது. இதைக் காண்போர், பூமிக்குள்ளிருந்து மலை மேலே கிளம்பி வந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. நிலவியலார் சொல்வது வேறு. மலை மேலெழுந்ததைவிட, சுற்றியிருந்த நிலம் தாழ்ந்து போனதே பெரிய காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

இம்மாவட்டத்தின் அடிப்பாறைகள் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் ஆகிய கருங்கல் வகைகளாகும். சென்னைக்கு அருகே பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளில் காணப்படுவதும் சார்னோக்கைட்தான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் இந்தக் கல் பயன்பட்டிருந்ததால், நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து 1893இல் இதற்கு அப்பெயரை வைத்தார். வட தமிழ்நாட்டில் இவ்வகைப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதில் உழவர் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. சார்னோக்கைட் போன்ற பாறைகள் தரைக்கு மேலே உருவாகக்கூடியவை அல்ல. பல கிலோ மீட்டர் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. இன்று அவை வெயிலில் காய்ந்து நிற்கின்றன என்றால், அவற்றின் மேல் மூடியிருந்த பாறையெல்லாம் என்ன ஆயிற்று? கோடிக்கணக்கான ஆண்டுகளில் சிதைந்து, கரைந்து, மணலாகவும் களிமண்ணாகவும் ஆறுகளோடு கடலுக்குப் போய்விட்டது. கெட்டியாகவும் விரிசல் குறைந்தும் இருந்த பகுதிகள் மட்டும் பின்தங்கி மலைகளாக நிற்கின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இங்கே மழை ஊர்ந்து நாடே தேய்ந்திருக்கிறது.

பாறை எப்படி மண்ணாகிறது?

கருங்கல் உடைவதற்குச் சம்மட்டி வேண்டும் என்று நினைக்கிறோம். வெயில், தண்ணீர், வேர் ஆகிய மூன்றுமே அதற்குப் போதும். காலம் மட்டும் தாராளமாக வேண்டும்.

முதலாவது, பாறையிலுள்ள விரிசல். ஆழத்தில் அழுத்தம் தாங்கியிருந்த பாறை, மேலிருந்த சுமை நீங்கியதும் சற்றே விரிகிறது. அப்போது வெங்காயத் தோல் போலப் பலகை பலகையாகப் பிளக்கிறது. கோடையில் கால் வைக்க முடியாதபடி சுடும் பாறை இரவில் குளிர்கிறது. திடீர் மழையில் சட்டென்று ஆறுகிறது. இப்படி விரிவதும் சுருங்குவதும் திரும்பத் திரும்ப நிகழ்வதால் விரிசல்கள் பெரிதாகின்றன.

இரண்டாவது, வேர். ஆலும் அரசும் கோயில் மதிலில் முளைத்துக் கல்லைப் பெயர்த்துவிடுவதைப் பார்க்காதவர் இல்லை. மலையிலும் அதே வேலை நடக்கிறது. மயிரிழை போன்ற வேர் விரிசலுக்குள் இறங்கி, பருத்து, பாறையை நெம்புகிறது.

மூன்றாவது, தண்ணீர். வேலையில் பெரும்பங்கு இதற்கே உண்டு. மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு மிக மென்மையான அமிலமாகிறது. மட்கும் இலைதழைகளின் ஊடே இறங்கும்போது அந்தப் புளிப்பு இன்னும் கூடுகிறது. கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் இந்த நீரில் மெல்ல மெல்ல மாறிக் களிமண் ஆகிறது. இரும்புச் சத்துள்ள கருநிறக் கனிமங்கள் துருப்பிடிக்கின்றன. குவார்ட்ஸ் என்னும் படிகம் மட்டும் இதற்கெல்லாம் அசைவதில்லை. அது உதிர்ந்து மணலாகிறது.

இம்மாவட்டத்தில் பெரும்பரப்பில் காணும் செம்மண்ணின் சிவப்பு, கருங்கல்லிலிருந்த இரும்பின் துருவே ஆகும். கையில் அள்ளினால் உறுத்துவது குவார்ட்ஸ் மணல். விரலில் ஒட்டுவது ஃபெல்ஸ்பார் மாறிய களி. பிடி மண்ணில் ஒரு துண்டு மலை அப்படியே இருக்கிறது.

கிணறு வெட்டுவோர் மண்ணுக்குக் கீழே, கடப்பாரை பட்டால் பொலபொலவென்று உதிரும் பாறையைப் பார்ப்பார்கள். அது பாதி சிதைந்த பாறை. இன்னும் மண் ஆகவில்லை, கல்லாகவும் இல்லை. அந்த அடுக்கில்தான் திறந்தவெளிக் கிணறுகளின் ஊற்று நிற்கிறது. பாறை சிதையாவிட்டால் மண்ணும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை.

ஆனால் இந்த வேலை மிக மெதுவாக நடக்கிறது. ஓர் அங்குல மண் உருவாவதற்குப் பல நூறு ஆண்டுகள், பல இடங்களில் ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகும் என்பது மண்ணியலார் கருத்து. பல்லவர் காலத்தில் சிதையத் தொடங்கிய பாறை இப்போதுதான் ஓர் அங்குல மண்ணாகியிருக்கும்.

2024 டிசம்பர் கற்பித்த பாடம்

மலை மெதுவாகவே இறங்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெருமழை கொட்டியது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில், மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள்.

இதன் இயக்கத்தை உழவர் எளிதில் புரிந்துகொள்ளலாம். சிதையும் மலையில் பெரும்பாறைகள் உருண்டையாக மிஞ்சுகின்றன. அவற்றின் இடையிலும் அடியிலும் இருப்பது சிதைந்த மண். காய்ந்திருக்கும்போது அந்த மண்ணே பாறையைப் பிடித்து நிறுத்தும் சாந்து. அளவாக மழை பெய்தால் நீர் உள்ளே இறங்கி வடிந்துவிடும். விடாமல் மழை கொட்டினால் மண்ணின் கண்ணறைகள் எல்லாம் நீரால் நிறைந்து, மண்துகள்கள் ஒன்றையொன்று பற்றும் பிடி தளர்கிறது. மண்ணின் எடையோ கூடிவிடுகிறது. அதற்குமேல் சரிவு தாங்காது. சேறு வழுக்க, அதன்மேல் இருந்த பாறையும் உடன் உருள்கிறது. சேற்றுழவு அடித்த வயலில் வரப்பு இளகிச் சரிவதும் இதே காரணத்தால்தான். ஒன்று முழ உயரம். மற்றொன்று மலை உயரம்.

நிபுணர் குழுவினர் வந்து மலையை ஆராய்ந்தனர். அவ்வாண்டு டிசம்பர் 13 கார்த்திகை தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. தீபக் கொப்பரையும் நெய்யும் கொண்டு செல்வோர் மட்டுமே மேலே சென்றனர்.

சரிவுகளில் புல்லும் புதரும் மரமும் இருந்தால் இத்தகைய ஆபத்து குறையும். வேர்கள் மேல்மண்ணைத் தைத்துப் பிடிக்கின்றன. இலைகள் மழையின் அடியை வாங்கிக்கொள்கின்றன. இந்த மலையின் சரிவுகள் மரமின்றி, காய்ந்த புல்லால் மூடப்பட்டு, கோடைதோறும் தீப்பற்றி எரிந்த காலம் உண்டு. 1980களின் பிற்பகுதியிலிருந்து தன்னார்வ அமைப்புகளும் வனத்துறையும் மரக்கன்று நட்டு, தீத்தடுப்புக் கோடுகள் வெட்டிப் பாடுபட்டதால் பல சரிவுகள் பசுமை பெற்றிருக்கின்றன. எனினும் மிக அதிக மழையில் மரங்கள் மட்டுமே மலையைத் தாங்கிவிடும் என்று எண்ணக்கூடாது. சரிவை வெட்டி வீடு கட்டுவதும், மலையிலிருந்து நீர் வடியும் ஓடைகளை மூடுவதும் எந்த மரத்தாலும் ஈடு செய்ய முடியாத தவறுகள்.

மழைத்துளியின் அடி

மலையடிவாரத்தில் நடந்தது கண்ணுக்குத் தெரிந்த அரிப்பு. வயலில் நடப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பெரிய மழைத்துளி ஒன்று மணிக்கு முப்பது கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தரையைத் தாக்குகிறது. வெற்று நிலத்தில் விழுந்தால் மண்கட்டியை உடைத்துத் துகள்களைச் சிதறடிக்கிறது. மழைக்குப்பின், வெள்ளையடித்த வீட்டுச் சுவரின் அடிப்பகுதி ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்துக்குச் சிவந்திருப்பதைக் காணலாம். துளியின் அடியில் தெறித்த மண்தான் அது. வாசலில் கோரைப்புல்லோ சருகோ கிடக்கும் இடத்தில் சுவர் இவ்வளவு சிவப்பதில்லை. மண் அரிப்பைத் தடுக்கும் வழி அந்தச் சுவரிலேயே எழுதியிருக்கிறது.

சிதறிய நுண்துகள்கள் மண்ணின் கண்ணறைகளை அடைத்துவிடுகின்றன. செம்மண் நிலத்தில் மழைக்குப்பின் வெயில் அடித்ததும் மேற்பரப்பு அடை தட்டியதுபோல் இறுகிப்போவது இதனால்தான். இறுகிய நிலத்தில் அடுத்த மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டர் தண்ணீர். உள்ளே போனால் கிணற்றுக்கு வரவு. வெளியே ஓடினால் மண்ணுக்குச் செலவு.

வழியும் நீர் முதலில் நிலம் முழுவதும் மெல்லிய ஏடாக மண்ணை வாரிச் செல்கிறது. இதனைத் தகட்டு அரிப்பு என்பர். நிலத்தில் எந்தப் பள்ளமும் விழாததால் உழவருக்கு இது தெரிவதில்லை. பின்னர் விரற்கடைச் சிறு வாய்க்கால்கள் தோன்றும். அடுத்த உழவில் அவை மறைந்துவிடும். கவனிக்காமல் விட்டால் அவை ஒன்றுசேர்ந்து, உழுதாலும் மூடாத ஓடைகளாகிவிடும். ஓடை விழுந்தபிறகு அரிப்பைக் கண்டுகொள்வது, முற்றிய நோய்க்கு மருந்து தேடுவது போன்றது.

வேகம் இரட்டித்தால் வலு அறுபத்து நான்கு

ஓடும் நீர் உருட்டிச் செல்லும் கல்லின் அளவு அதன் வேகத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகிறது என்பது நீரியல் கணக்கு. சாதாரண நாளில் கூழாங்கல்லை அசைக்காத ஓடை, வெள்ளத்தில் ஆட்டுக்கல் அளவு பாறையைப் புரட்டுவது இதனால்தான்.

அதே ஃபெஞ்சல் மழையில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி வழியாக இம்மாவட்டத்துக்குள் வரும் தென்பெண்ணை பெருக்கெடுத்தது. 1958இல் கட்டிமுடிக்கப்பட்ட சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டு அருகே சுமார் 16 கோடி ரூபாய் செலவில் கட்டி, அவ்வாண்டு செப்டம்பரில்தான் திறக்கப்பட்டிருந்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஆற்றோர வயல்கள் பல மணல்மேடாயின.

வேகத்தைக் கூட்டினால் நீர் எதையும் எடுத்துப் போகும். இதன் மறுபக்கமும் உண்மை. வேகத்தைக் குறைத்தால் எடுத்ததை அது வைத்துவிடும். மண் பாதுகாப்பு என்று சொல்லப்படும் எல்லா முறைகளும், வரப்பு முதல் தடுப்பணை வரை, இந்த ஒரே விதியின்மேல் கட்டப்பட்டவை.

வைத்துவிட்டுப் போகும் இடம்

நீரின் வேகம் குறையும்போது கனமானது முதலில் படியும். முதலில் கல், பிறகு பருமணல், அடுத்து நுண்மணல், பின்னர் வண்டல், கடைசியில் களி. இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் உயரமான கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு வயல் மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி நன்றாகக் குலுக்கி வைக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும். களி இறங்குவதற்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். சீசாவில் தெரியும் பட்டைகளைக் கொண்டு, நிலம் மணற்சாரியா, களிச்சாரியா என்று தோராயமாக அறியலாம்.

இதே பிரிவினை நாட்டளவிலும் நடக்கிறது. மலையடிவாரத்துக் கொல்லைகளில் சரளையும் கல்லும் மிகுதி. ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கம் வழியாக இறங்கிப் பாலாற்றில் சேர்வதற்குள் மணலைத் தன் படுகையில் பரப்பிவிடுகிறது. அந்த மணற்படுகை மழைக்காலத்தில் நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையில் கரையோரக் கிணறுகளுக்குக் கொடுக்கும் பஞ்சு போன்றது. மணலை அளவுக்கு மீறி அள்ளினால் ஆறு நீரைச் சேமிக்கும் பாத்திரத்தையே இழந்துவிடும்.

ஏரியும் ஒரு பெரிய சீசாதான். நீர்வரத்துக் கால்வாய் ஏரிக்குள் நுழையுமிடத்தில் மணல் தங்கும். கரையோரமாக, மதகின் அருகே, மிக மென்மையான வண்டலும் களியும் படியும். ஏரி நிறைந்து கோடி போகும்போது தெளிந்த நீரே வெளியேறும். அந்நாளில் ஏரி வெட்டியவர்கள் தண்ணீரைத் தேக்கியதோடு, மேட்டு நிலத்திலிருந்து வந்த மண்ணையும் ஊர் எல்லையைத் தாண்டவிடாமல் பிடித்து வைத்தார்கள்.

வரவு செலவுக் கணக்கு

இந்தியாவில் ஆண்டுதோறும் சுமார் 533 கோடி டன் மண் அரிக்கப்படுவதாக 1983இல் துருவநாராயணா, ராம்பாபு ஆகிய அறிஞர்கள் மதிப்பிட்டனர். எக்டேருக்குச் சராசரி 16 டன்னுக்குச் சற்று அதிகம். அரிக்கப்படும் மண்ணில் 29 சதவீதம் கடலுக்குப் போய்விடுகிறது. 10 சதவீதம் நீர்த்தேக்கங்களில் படிகிறது. எஞ்சிய 61 சதவீதம் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு இடம் பெயர்கிறது என்பது அவர்கள் கணக்கு.

இந்தச் சராசரியை ஓர் ஏக்கருக்குப் பார்த்தால் ஆண்டுக்கு ஆறரை டன். இரண்டு டிராக்டர் டிப்பர் மண். ஆனால் நிலத்தில் அதன் கனம் ஒரு மில்லி மீட்டருக்குச் சற்றே அதிகம். ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமன்கூட இராது. அதனால்தான் இழப்பு கண்ணில் படுவதில்லை. இருபது ஆண்டில் அதுவே ஏறத்தாழ ஓர் அங்குலமாகிவிடும். இயற்கை பல நூறு ஆண்டுகளில் சேர்த்த சொத்து, தகப்பன் கையிலிருந்து மகன் கைக்கு நிலம் மாறுவதற்குள் போய்விடுகிறது.

போவது எந்த மண் என்பதையும் எண்ண வேண்டும். நீர் முதலில் தூக்கிச் செல்வது மட்கும் நுண்களியும்தான். உரச்சத்துகளைப் பிடித்து வைத்திருப்பவையும் அவையே. பின்தங்குவது மணலும் சரளையும். ‘முன்பெல்லாம் இந்தக் கொல்லையில் எரு மட்டும் போட்டாலே விளைந்தது, இப்போது எவ்வளவு உரம் போட்டாலும் பற்றவில்லை’ என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மானாவாரி மல்லாட்டைக்கு ஒரு கவனம்

இம்மாவட்டத்தின் முக்கியமான மானாவாரிப் பயிர் மணிலா. ஆடியை ஒட்டி விதைக்கும் இப்பயிர் நன்கு படர்ந்தபின் நிலத்தை மூடிக் காக்கிறது. அபாயம் இரண்டு சமயங்களில் இருக்கிறது. விதைத்த புதிதில் நிலம் வெறுமையாக இருக்கும்போது வரும் இடிமழை ஒன்று. அறுவடையில் செடியைப் பிடுங்கி மண்ணைக் கிளறி விட்டபின், ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மற்றொன்று. கிளறிய வெற்று நிலத்தின்மேல் ஆண்டின் கனத்த மழை விழுகிறது. பின்வரும் முறைகளை மேற்கொண்டால் நல்ல பயன் கிட்டும்.

1. கோடை உழவைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்ட வேண்டும். சித்திரை உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்பது மெய்தான். ஆனால் சரிவு வாட்டத்திலேயே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு வாய்க்காலாகி மண்ணை வெளியேற்றும். குறுக்கே உழுதால் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு அணையாகும். விதைப்பும் அவ்வாறே குறுக்காக இருக்கட்டும்.

2. மணிலாவுடன் துவரையை ஊடுபயிராக வரிசையில் விதைக்கலாம். மணிலாவைப் பிடுங்கிய பிறகும் துவரை நின்று, பருவமழையின் அடியை வாங்கிக்கொள்ளும். துவரை இல்லாத இடத்தில் ஈரத்தைக் கொண்டு கொள்ளு விதைத்து நிலத்தை மூடலாம்.

3. நூறு அடிக்கு இரண்டு அடிக்கு மேல் சரிவுள்ள செம்மண் கொல்லைகளில், ஒரே மட்டத்தில் செல்லும் சம உயர வரப்புகள் தேவை. கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டம் கொண்டே கோட்டைக் குறிக்கலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லி மீட்டர் மழை பெறும் இப்பகுதியில் வரப்பு மட்டும் போதாது. மிகுநீர் வெளியேறக் கல் பதித்த வழி விடவேண்டும். வழி விடாத வரப்பு முதல் பெருமழையிலேயே உடைந்து, வரப்பு இல்லாத நிலத்தைவிட அதிகச் சேதம் விளைவிக்கும்.

4. வரப்பின்மேல் வெட்டிவேர் அல்லது கொழுக்கட்டைப் புல் நடலாம். வெட்டிவேர் நெருக்கமாக வளர்ந்து உயிர்வேலியாகி, நீரை வடிகட்டி மண்ணை நிறுத்தும். கொழுக்கட்டைப் புல் மாட்டுக்குத் தீவனமாகும்.

5. ஓடை விழத் தொடங்கிய இடத்தில், மேல்முனையிலிருந்து கீழாகச் சிறு சிறு கல்தடுப்புகளை அடுக்க வேண்டும். கீழே ஒரே பெரிய தடுப்பைக் கட்டுவதைவிட மேலே பல சிறு தடுப்புகள் மேலானவை. நீர் வேகம் பிடிக்கும் முன்பே அதைத் தடுத்துவிடலாம்.

6. பண்ணைக்குட்டை வெட்டுவோர், நீர் நுழையும் வாயில் ஒரு சிறு குழி அமைத்து அதில் வண்டல் தங்கியபின் நீர் குட்டைக்குள் செல்லுமாறு செய்தால் குட்டை விரைவில் தூர்ந்து போகாது. குழியில் தங்கிய மண்ணை ஆண்டுக்கொரு முறை நிலத்துக்கே அள்ளிப் போடலாம்.

7. சருகு, மணிலாத் தோல், கரும்புத் தோகை ஆகியவற்றைக் கொளுத்தாமல் நிலத்தில் பரப்புவதும், தொழுஉரத்தைத் தவறாமல் இடுவதும் மேல்மண் இறுகுவதைக் குறைக்கும்.

வெள்ளத்தால் மணல் படிந்த ஆற்றோர நிலங்களில், மணல் மெல்லிய படலமாக இருந்தால் ஆழ உழுது அடிமண்ணோடு கலந்து, தொழுஉரம் அல்லது வண்டல் சேர்த்துச் சீர்செய்யலாம். கனமாகப் படிந்திருந்தால் அகற்றிய பின்னரே பயிரிட வேண்டும்.

போன மண்ணை மீட்கும் வழி

ஏரியில் படிந்திருப்பது, மேலே உள்ள கொல்லைகளும் காடுகளும் இழந்த மண். அதைக் கோடையில் வெட்டி வண்டியில் ஏற்றி நிலத்துக்கு அடித்தது நம் ஊர்களின் பழைய வழக்கம். ரசாயன உரம் பரவியபின் இவ்வழக்கம் குன்றியது. ஏரிகள் தூர்ந்தன, நிலங்களும் மெலிந்தன. ஒரே வேலையால் இரண்டையும் சீர்செய்யலாம்.

தமிழ்நாட்டில் விவசாயப் பயன்பாட்டுக்கு ஏரி வண்டலைக் கட்டணமின்றி எடுக்க அரசு அனுமதிக்கிறது. 2017இல் வகுக்கப்பட்ட அளவின்படி நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். புன்செய்க்கான அளவு சுமார் முப்பது டிராக்டர் லோடு ஆகும். அதை ஓர் ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம் வரும். மேலே சொன்ன சராசரிக் கணக்கின்படி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இழந்த மண்ணின் அளவு இது. அனுமதி பெறும் முறையைக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கேட்டறியலாம்.

வண்டல் அடிக்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. முதலில் வண்டலையும் நிலத்து மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். உப்போ களரோ மிகுந்த வண்டல் நிலத்தைக் கெடுக்கும். நகரத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலக்கும் ஏரிகளின் வண்டலை விலக்குவது நல்லது. மணற்சாரியான செம்மண்ணுக்கு வண்டல் மிகவும் ஏற்றது. ஏற்கெனவே களிச்சாரியான நிலத்துக்குத் தேவையில்லை. ஏரியில் ஒரே இடத்தில் ஆழமாகக் குழி பறிக்காமல் சீராக மேலாக எடுக்க வேண்டும். கரையின் அடியிலும் மதகின் அருகிலும் தோண்டினால் கரை பலவீனப்படும். மாசியில் நீர் வற்றத் தொடங்கியதும் திட்டமிட்டால், வைகாசிக்குள் வேலையை முடித்து ஆடி விதைப்புக்கு நிலத்தைத் தயார் செய்துவிடலாம்.

வரப்பு, தடுப்பு, பண்ணைக்குட்டை ஆகியவற்றுக்கான தொழில்நுட்ப உதவியையும் மானிய விவரங்களையும் வேளாண் பொறியியல் துறை அலுவலகங்களில் பெறலாம். பயிர் முறைகள் குறித்து கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்தையும் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.

மலை சிதைவதை எவராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டியதில்லை. சிதைவதால்தான் மண் பிறக்கிறது. பிறந்த மண் கடலை நோக்கிப் புறப்படுவதும் இயற்கை. ஆனால் வழியில் அது எத்தனை இடங்களில், எத்தனை காலம் தங்கிப் போகவேண்டும் என்பது உழவர் கையில் இருக்கிறது. மேட்டுக் கொல்லையில் குறுக்கே ஓட்டிய ஓர் உழவுசால், வரப்பில் நட்ட ஒரு வரிசைப் புல், தூர் வாரிய ஓர் ஏரி ஆகிய ஒவ்வொன்றும் அந்தப் பயணத்தைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தில்தான் இவ்வட்டாரத்தின் விளைச்சலும் கிணற்று நீரும் இருக்கின்றன. வருகிற கோடை மழைக்கு முன்பாக, அவரவர் நிலத்தில் நீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை நடந்து பார்த்துக் குறித்துக்கொள்வது முதல் வேலையாக இருக்கட்டும்.